கப்பற் பந்தியிற் கேட்டவை

கல்லூரிச் சிறப்பு மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமைவன. ஒன்று, தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியப் பெருந்தகைகள். மற்றொன்று, விளையாட்டு மைதானத்திலே பெற்ற வெற்றிகள். பிறிதொன்று, விடுதிச்சாலைச் சோறு. முதலிரண்டையும் எம்மினும் வல்லார் பலர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மூன்றாவதற்கு ஒருவகையில் உறவுடையது. உல்லாசக் கப்பலேறிச் செல்வோர் ஆங்கு உண்ணும் உணவைப் பற்றியும், இடம் பதிவு செய்யும் முறையைப் பற்றியும், கொடுத்த பணத்துக்குப் பெற்ற பயனைப் பற்றியும் தமக்குள்ளே கூறிக்கொள்ளும் அபிப்பிராயங்களே அப்பொருள்.

இதுவும் ஒரு பொருளா என வினவுவார்க்கு ஒரு சொல். இன்று எம் கல்லூரியின் பழைய மாணவர் ரொறன்ரோவிலும், இலண்டனிலும், சிட்னியிலும், இன்னும் எண்ணிறந்த நகரங்களிலும் சிதறி வாழ்கின்றனர். ஒரு வகுப்பார் ஒன்றுகூட விரும்பின், எவர் வீட்டிற் கூடுவது, எவர் சமைப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. கப்பலிலே விருந்தளிப்பவரென ஒருவர் இல்லை, எல்லாரும் விருந்தினரே. ஆதலின் பழைய மாணவர் ஒன்றுகூடல்களைக் கடலிலே நடத்தும் வழக்கம் வளர்ந்து வருகின்றது. "போகலாமா? கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?" என்று இளைய அன்பர் பலர் எம்மிடம் கேட்டுள்ளனர். அவர்க்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

நம் நாட்டவர்க்குக் கப்பற் பிரயாணம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலக் கல்வியைத் துணையாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும், நில அளவைப் பகுதியிலும், அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் பெற்ற மலாயாப் பென்சன் எத்தனையோ கல்வீடுகளை எழுப்பியது. எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பித்தது. 1914 இல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற்சேவை தொடங்கியது. 1964 டிசெம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழியே சென்று வந்தோர் பலர். மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்து செல்வோர் கொழும்பிலே கப்பலேறிச் சுயஸ் கால்வாய் வழியாகச் சென்றனர்.

இவர்களுக்கெல்லாம் கப்பல் ஒரு பாதை. பாதையின் சுவையை எவரும் ஆராய்வதில்லை; கரை சேர்ந்தாற் போதும். அக்காலக் கப்பல்களிலே வகுப்புக்கு வகுப்பு உண்ணும் மண்டபமும் வேறு, உலாவும் தளமும் வேறு. கீழ் வகுப்பிற் செல்பவன் மேல் வகுப்பின் மேசை விரிப்பைக் கண்ணாலும் காணான்.

பின்னர் ஜெற் விமானங்கள் வந்தன. கடலைக் கடக்கும் தொழிலை அவை கவர்ந்துகொண்டமையால், கப்பற் கம்பெனிகள் வேறு தொழில் தேட வேண்டியனவாயின. றோயல் கரீபியன் நிறுவனத்தின் 'சோங் ஒஃப் நோர்வே' 1970 இலும், கார்னிவல் நிறுவனத்தின் 'மார்டி கிரா' 1972 இலும் மியாமித் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கின. கப்பல் பாதையாயிருந்த நிலை மாறி, கப்பலே சேருமிடமாயிற்று. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதற் பயணம் புறப்பட்ட 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' டைட்டானிக் கப்பலிலும் ஐந்து மடங்கு பெரிது; நிறையும்போது ஏறத்தாழ 7,600 பிரயாணிகளை ஏற்ற வல்லது. கப்பலே சேருமிடமானதும், அங்கு இடப்படும் உணவே பிரயாணத்தின் அளவுகோலாயிற்று. இறங்கிய துறைமுகத்தை மறந்தவரும் உண்ட இரவுணவை மறப்பதில்லை.

நிற்க. எம்முடன் ஒரே வகுப்பிற் கற்றோருள் பன்னிருவர் 2024 ஆம் ஆண்டிலே இத்தகைய பிரயாணம் ஒன்றை மேற்கொண்டோம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெற் ஆகிய துறைகளுக்குச் சென்று மீளும் நான்கு இரவுப் பயணம் அது. கரீபியன் கடலுக்குச் செல்லலாமென ரொறன்ரோ நண்பர்கள் முதலிற் கூறினர். ஆயின் எம்முள் மூவர் யாழ்ப்பாணத்திலேயே வாழ்பவர். அவர்க்கு அமெரிக்க விசா பெறுவது எளிதன்று. சிங்கப்பூருக்கோ முன்கூட்டி விசா வேண்டியதில்லை. எனவே சிங்கப்பூரே முடிவாயிற்று. பன்னாட்டிலிருந்தும் கூடுவோர் விலையைப் பார்க்குமுன், எல்லாருடைய கடவுச்சீட்டையும் பார்த்து, இறங்கும் துறைகளுள் எதற்கு எவர்க்கு விசா வேண்டுமென விசாரித்தல் வேண்டும். இஃது எம் முதலாவது புத்திமதி.

அம்மூவருள் ஒருவர் கணித ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அவரை ஈண்டு 'கணித நண்பர்' என்போம். வெளிநாட்டு நண்பர்கள் யாழ்ப்பாணத்து மூவரின் செலவையும் தாமே ஏற்பதென எண்ணினர். கணித நண்பர் இணங்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவைக் கடந்ததையும், அதன்பின் ஓய்வூதியக்காரர் நிலை என்னவாயிற்றென்பதையும் யாவரும் அறிவர். எனினும், "என் பங்கை நானே தருவேன். சன்னலில்லாத உள்ளறை எனக்குப் போதும். உறங்குபவனுக்குக் கடல் எதற்கு?" என்றார் அவர். மற்றையோருட் பலர் பல்கனியுள்ள அறைகளை எடுத்தனர். யாழ்ப்பாணத்து மூவரும் உள்ளறைகளே எடுத்தனர். ஒரே பிரயாணத்திற்குச் சிலர் ஏறத்தாழ இரு மடங்கு கட்டணம் கொடுத்தனர் என்பதை நினைவிற் கொள்க.

இடம் பதிவு செய்யும் முறை பற்றி முதல் இரவிலேயே பந்தியில் வாதம் எழுந்தது. ரொறன்ரோவிற் கணக்காளராகவுள்ள நண்பர் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்தவர். அறையை அவரே தேர்ந்தெடுத்தார்: கப்பலின் நடுப்பகுதி, தாழ்ந்த தளம். கப்பல் ஆடும்போது அசைவு மிகக் குறைந்த இடம் அதுவேயென்பது பொறியியல் கற்றோர் அறிந்த உண்மை. இலண்டன் நண்பரோ கடைசி வரை காத்திருந்து மலிவாகப் பெற்றவர். முழுப் பணமும் செலுத்த வேண்டிய தவணை பொதுவாகப் பிரயாணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்னராக அமையும். அத்தவணைக்குப் பின்னும் விற்பனையாகாத அறைகளை நிறுவனங்கள் சில வேளை விலை குறைத்து விற்பதுண்டு. ஆனால் அவ்வாறு எடுப்போர்க்கு எந்த அறை கிடைக்குமென்பதை நிறுவனமே தீர்மானிக்கும். நம் இலண்டன் நண்பர்க்குக் கிடைத்த அறை நீச்சற் குளத்தின் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. வைகறையிலே பணியாளர் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசை அவர்க்குத் திருப்பள்ளியெழுச்சியாயிற்று. மலிவு, மலிவு என்று அவர் மகிழ்ந்தபோது, "உறக்கத்தின் விலையைக் கழித்தீரோ?" என்று கணக்காளர் கேட்டார்.

சிட்னி நண்பர் பிரயாண முகவர் மூலம் பதிவு செய்தவர். முகவர்க்குரிய தரகைப் பெரும்பாலும் கப்பல் நிறுவனமே கொடுப்பதாற் பிரயாணிக்கு அதனால் மேலதிகச் செலவு பொதுவாக இல்லை. இடையூறு நேரின் பேசுவதற்கு ஒரு மனிதர் இருப்பார் என்பது அவர் கட்சி. மனைவியை இழந்த நண்பர் ஒருவர் வேறொரு குறை கூறினார். கட்டணங்கள் யாவும் ஓரறைக்கு இருவர் என்னும் கணக்கிலேயே விதிக்கப்படுவன. தனியே ஓரறையில் இருக்க விரும்பிய அவர் ஏறத்தாழ இருவர் கட்டணத்தைச் செலுத்த நேர்ந்தது. "இறந்தவளுக்கும் சீட்டு வாங்கினேன், ஆனால் அவள் பங்கு உணவை எவரும் எனக்குத் தரவில்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். பந்தியில் எவரும் சிரிக்கவில்லை.

இம்மூவகை அபிப்பிராயங்களுள் எது சரியானது? விமானச் சீட்டும் விசாவும் முன்கூட்டித் தேட வேண்டியவர்க்குக் கடைசிநேர மலிவு பயன்படாது. துறைமுகத்துக்கு அருகே வாழ்பவர்க்கும், அறை எங்கே அமைந்தாலும் பொருட்படுத்தாதவர்க்குமே அது பொருந்தும். கூட்டமாகச் செல்வோர் முன்கூட்டிப் பதிவு செய்து, முழுப் பணம் செலுத்துமுன் விலை குறைகின்றதா என இடையிடையே பார்த்து, குறைந்தால் மாற்றித் தருமாறு கேட்பதே தக்கது.

இனி உணவுக்கு வருவோம். பெரிய கப்பல்களில் உணவுச்சாலைகள் மூவகைப்படும். முதலாவது, சீட்டுக் கட்டணத்திலேயே அடங்கிய பொது மண்டபம். வெள்ளை விரிப்பிட்ட மேசையில் இருந்து உண்பது. இரண்டாவது, தாமே தட்டேந்தி எடுத்துண்ணும் 'பஃபே' என்னும் விருந்துச்சாலை. இதுவும் கட்டணத்தில் அடங்கியதே. மூன்றாவது, வேறாகக் கட்டணம் செலுத்தி உண்ணும் சிறப்புச்சாலைகள்.

பன்னிருவரும் பொது மண்டபத்திலே ஒரே மேசையைப் பெற்றோம். எம்முட் பெரும்பாலார் சைவ போசனிகள். பதிவு செய்யும்போதே இதனை எழுத்தில் அறிவித்தமையால், பருப்பு, கிழங்குப் பிரட்டல், ரொட்டி, தயிர் முதலியன நாள்தோறும் வந்தன. கப்பலேறிய பின் சொல்வோர்க்கு இவ்வளவு எளிதாயிராது. ஏனெனில் பல்லாயிரம் பேர்க்குரிய உணவுப் பொருள்கள் புறப்படும் துறையிலேயே கணக்கிட்டு ஏற்றப்படுவன. நடுக்கடலிலே கத்தரிக்காய் வாங்கக் கடையில்லை.

அபிப்பிராயங்கள் பலவாறாயின. கறியில் உறைப்பு இல்லையென்றார் ஒருவர். சோறு ஆறிவிட்டதென்றார் மற்றொருவர். விறகடுப்பின் மணம் எதிலும் இல்லையென்றார் வேறொருவர். தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலிற் பெரும்பாலும் மின்னடுப்பே வைப்பதால் அம்மணத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று என்றோம் நாம். ஓரிரவிலே ஆயிரக்கணக்கானோர்க்கு, இரு பந்தியாக, ஏறத்தாழ ஒரே நேரத்திற் சூடாகப் பரிமாறும் வேலை எத்தகையதென்பதை நம்மூர்க் கலியாண வீட்டில் ஐந்நூறு பேர்க்குச் சமைத்தவர் ஊகித்தறிவர். விருந்துச்சாலை வாயிலிலே கைகழுவுமாறு பணியாளர் வற்புறுத்துவதைச் சிலர் தொல்லையெனக் கருதினர். நெருங்கி வாழும் கப்பலிலே வயிற்றோட்ட நோய் ஒருவரிடமிருந்து நூற்றுவர்க்கு விரைவிற் பரவும். அமெரிக்கத் துறைகளுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரப் பகுதியார் சோதித்து நூற்றுக்குப் புள்ளியிடுவர்; 85 உம் அதற்குக் கீழும் பெற்ற கப்பல் சித்தியடையாதது. பரீட்சைக்கு அஞ்சும் மாணவர் இதனை அறிந்து ஆறுதலடைவாராக.

உணவைப் பற்றிய குறைகளைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு விடுதிச்சாலையின் நினைவு எழுந்தது. அங்கும் குறை கூறாத நாளில்லை. சொதியிலே தேங்காயைத் தேட வேண்டும், இடியப்பம் கயிறாயிருக்கும். ஆயின் அங்கே பெரும் உத்தியோகத்தர் மகனும், உதவிப்பணத்திற் படித்தவனும் ஒரே வாங்கிலிருந்து ஒரே சொதியையே உண்டனர். பந்தியிலே சமமாயிருத்தல் நம் நாட்டில் எளிதாகக் கிடைத்த பேறன்று. 1924 இல் யாழ்ப்பாணத்திலே தோன்றி, பின் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கத்தார் தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி போசனத்துக்காகக் குரல் கொடுத்தமை வரலாறு. ஒரே பந்தி என்னும் பெருமை சொதியின் சுவையிலும் பெரிதென்பதை அந்த வயதில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கப்பலின் பொது மண்டபமும் அத்தகையதே. உள்ளறைக்காரனும் பல்கனிக்காரனும் அங்கே ஒரே உணவையே உண்பர். பழைய வகுப்புப் பிரிவினை ஒழிந்ததாக ஒரு காலத்திற் கூறப்பட்டது. ஆனால் பணம் புதிய சுவர்களை எழுப்ப வல்லது. 2008 இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் 'பந்தாசியா' கப்பலிலே உயர்ந்த கட்டணம் கொடுப்போர்க்கெனத் தனிப்பகுதி ஒன்றை வகுத்தது. பிற பெரிய நிறுவனங்களும் இத்தகைய பகுதிகளை வைத்துள்ளன. வேறாகப் பணம் பெறும் சிறப்புச்சாலைகளும் இவ்வகையில் ஒரு சிறு சுவரே.

அச்சுவர் எம் பந்திக்கும் இரண்டாம் இரவிலே வந்தது. மேல் தளத்து இத்தாலியச் சாலை மிகச் சிறந்ததென்று கேள்வியுற்ற நண்பர் சிலர், எல்லாரும் அங்கே செல்வோமென்றனர். கணித நண்பர், "நீங்கள் சென்று வாருங்கள், நான் இங்கேயே உண்பேன்" என்றார். "உமக்கு நாங்கள் கொடுக்கிறோம்" என்று ஒருவர் அன்போடு கூறினார். அவர் தட்டை நோக்கியவாறே, "நன்றி; எனக்கு இந்தப் பருப்புப் பிடித்திருக்கிறது" என்றார். ஒருவரும் மேலே பேசவில்லை. அன்றிரவு எழுவர் மேல் தளத்துக்குச் சென்றனர். ஐவர் பொது மண்டபத்தில் இருந்தோம். சென்றவர், உணவு கொடுத்த பணத்துக்குத் தகுமென்றே மறுநாட் கூறினர். அதனை மறுக்க எமக்குக் காரணமில்லை. ஆயினும் மூன்றாம் இரவில் எவரும் அப்பேச்சை எடுக்கவில்லை. பன்னிரு நாற்காலிகளும் நிறைந்திருந்தன.

மூன்றாம் நாள் பினாங்கில் இறங்கினோம். துறையிலிருந்து நகருக்குள் நடக்கும்போது கணித நண்பர் சற்றே பின்தங்கி நின்றார். அவருடைய பாட்டனார் இதே ஊரிற் கரையேறி மலாயாப் புகையிரதப் பகுதியிற் பணியாற்றியவர். கப்பலின் மேல் தளத்திலே பாய் விரித்துக் கிடந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரிவிளாங்காயையும் பனாட்டையும் உண்டு நாள்களைக் கழித்தாரென்பது குடும்பத்தார் வாய்மொழி. "பாட்டனார் கப்பலிலே உணவுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. அந்தப் பிரயாணத்தின் பயன் என் படிப்பு வரைக்கும் வந்தது" என்றார் நண்பர். கொடுத்த பணத்துக்குப் பெற்ற பயன் என்னும் தொடருக்கு இதனினும் பொருத்தமான விளக்கத்தை நாம் எங்கும் கேட்டதில்லை.

கடைசி இரவிலே கணக்குச் சீட்டு அறைதோறும் வந்தது. பிரயாணிகளின் அபிப்பிராயங்கள் உண்மையிலே தொடங்குமிடம் இதுவே. கப்பற் சீட்டு மலிவாயிருப்பதன் இரகசியத்தை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிற் காணலாம். கார்னிவல் நிறுவனத்தார் 2023 ஆம் நிதியாண்டிலே பெற்ற வருமானம் ஏறத்தாழ 2,160 கோடி டொலர். அதிற் சீட்டு விற்பனையால் வந்தது ஏறத்தாழ 1,410 கோடி. எஞ்சிய 750 கோடி, அஃதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல், மதுபானம், சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணையம், சிறப்புணவு முதலியவற்றால் வந்தது. சீட்டு தூண்டில், மீன் கப்பலுக்குள்ளேயே பிடிக்கப்படுகின்றது. எம் குழுவிலே குடிவகைகளுக்கென ஒட்டுமொத்தக் கட்டணம் செலுத்தியவர் சிலர், சேவைக் கட்டணமென்று நூற்றுக்கு 18 முதல் 20 வரை மேலும் சேர்க்கப்படுவதைக் கண்டு வியந்தனர். இருவர் செலவு சீட்டு விலையிலும் பாதி மேலதிகமாயிற்று. கணித நண்பரின் சீட்டிலோ சீட்டு விலைக்கு மேல் இரண்டே வரிகள் இருந்தன: ஒரு கோப்பை கோப்பி, பணியாளர் அன்பளிப்பு.

இவ்வன்பளிப்பே எம் பந்தியின் பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. நம்மூரிலே 'சந்தோஷம்' என்று கொடுப்பதைக் கப்பலார் நாட்கணக்கிலே தாமாகவே கணக்கில் எழுதிவிடுவர். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களிலே ஒருவர்க்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை இது அமைவதுண்டு. அலுவலரிடம் கேட்டால் இதனை நீக்குவிக்கவும் இயலும். இலண்டன் நண்பர் நீக்குவிக்கப் போவதாகக் கூறினார். "ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. அக்கடமையை என் கருணையின் தலையிற் சுமத்துவது நியாயமா? அன்பளிப்பை அன்பாகக் கேட்க வேண்டும், வரியாக விதிக்கக் கூடாது" என்பது அவர் வாதம். பலர் தலையசைத்தனர்.

எங்களுக்குப் பரிமாறியவர் இந்தோனேசியாவின் பாலித் தீவைச் சேர்ந்த இளைஞர். முதல் நாளே எம் பெயர்களை மனனம் செய்தவர். எவர்க்கு வெங்காயம் ஆகாது, எவர்க்குச் சீனி ஆகாது என்பதை இரண்டாம் நாளுக்குள் அறிந்தவர். காலையில் விருந்துச்சாலையிலும், நண்பகலிலும் இரவிலும் மண்டபத்திலும் அவரைக் கண்டோம். கடற்றொழிலாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2006 இல் நிறைவேறி 2013 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேலைநேரத்துக்கு எல்லை விதிக்கும் நாடுகளில், எந்த 24 மணித்தியாலத்திலும் 14 மணித்தியாலத்துக்கும், எந்த ஏழு நாளிலும் 72 மணித்தியாலத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது. பாதுகாப்புக்காக வகுத்த உச்ச எல்லையே 72 என்பதிலிருந்து அத்தொழிலின் தன்மையை உய்த்துணர்க.

கணித நண்பர் தம் கணக்குச் சீட்டை மேசையில் வைத்தார். பன்னிருவருள் அத்தொகை மிகப் பாரமாயிருந்தது அவர்க்கே. "நான் இதை நீக்கமாட்டேன்" என்றார். "சீட்டு ஏன் மலிந்தது? இந்தப் பிள்ளையின் சம்பளம் அதில் முழுவதும் அடங்கவில்லை, அதனால் மலிந்தது. அந்த மலிவாலேதான் என்னைப் போன்றவன் இங்கே வர முடிந்தது. மலிவை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கொடுக்க மறுப்பது கழித்தல் தெரியாதவன் போடும் கணக்கு. முதலாளிமேற் கோபமென்றால் முதலாளிக்கு எழுதும். இந்தப் பிள்ளையிடம் ஏன் வசூலிக்கிறீர்?"

இலண்டன் நண்பரின் வாதம் பொய்யன்று என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். ஒருவர் ஊதியம் மற்றொருவர் மனநிலையிலே தங்கியிருத்தல் நல்ல ஏற்பாடன்று. அன்பளிப்பு எவ்வாறு பங்கிடப்படுகின்றதென்பது பிரயாணிக்குத் தெரிவதுமில்லை. ஆயினும் ஏற்பாட்டைத் திருத்துமிடம் முதலாளியின் கந்தோரேயன்றிப் பரிமாறியவரின் சட்டைப் பையன்று. அந்நண்பர் அன்றிரவு அலுவலரிடம் செல்லவில்லை. ஊர் திரும்பியபின் நிறுவனத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி, அதன் பிரதியை எம் எல்லார்க்கும் அனுப்பினார். கணித நண்பரின் சொற்கள் அதிற் பல இடங்களில் இருந்தன.

இனி எம் மாணவத் தம்பியர்க்குச் சில சொற்கள். கப்பற் பிரயாணத்தின் விலை விளம்பரத்தில் உள்ள விலையன்று. கலிபோர்னியா மாநிலத்திலே 2024 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பயனாகப் பெரிய நிறுவனங்கள் பல, அமெரிக்காவிலே செய்யும் விளம்பரங்களில் வரிகளையும் துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்தே விலை கூறுகின்றன. எல்லா நாட்டிலும் அவ்வாறன்று. சீட்டு, வரி, அன்பளிப்பு, விமானச் செலவு, விசா, காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டி நாள்களால் வகுத்துப் பாருங்கள். பின்னர், "கப்பலில் ஏறியபின் ஒன்றுமே வாங்காவிடினும் இப்பிரயாணம் எனக்கு இன்பம் தருமா?" என்று கேளுங்கள். ஆமெனின் செல்லலாம்.

இக்கணக்குக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2023 யூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளுக்கு வந்ததுடன் நம் காங்கேசன்துறைக்கும் வந்தது. உல்லாசப் பிரயாணி காலையுணவைக் கப்பலில் உண்டு இறங்குவான். மதிய உணவுக்கு ஏற்கெனவே பணம் செலுத்தியிருப்பதால் விரைந்து மீள்வான். பினாங்கில் எம் நண்பர் சிலரும் அவ்வாறே கடிகாரத்தைப் பார்த்தனர். அத்தகைய விருந்தினரால் ஊருக்குப் பயன் கிடைக்க வேண்டுமாயின், கப்பலிற் கிடையாத ஒன்றை நாம் கொடுத்தல் வேண்டும். ஒடியற் கூழையும், நுங்கையும், பனங்கட்டியையும் எந்தக் கப்பலும் பரிமாறுவதில்லை. வணிகமும் பொருளியலும் கற்கும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

எம் வகுப்பார் மீண்டும் ஒரு முறை கடலிற் கூடத் தீர்மானித்துள்ளோம். எக்கப்பல், எத்துறை என்பன இன்னும் முடிவாகவில்லை. உணவைப் பற்றிய அபிப்பிராய பேதங்களும் தீரவில்லை, தீரவும் மாட்டா. ஒரு விதியை மட்டும் எல்லாரும் ஒருமனதாக ஏற்றுள்ளோம். எம்முள் மிகக் குறைந்த வசதியுடையவர் தம் சொந்தப் பணத்தில், எவர் தயவுமின்றி, எந்த அறையை எடுக்க இயலுமோ, அந்த அறையே எல்லார்க்கும் அறை. அவர் எந்த மேசையில் உண்பாரோ, அந்த மேசையே எல்லார்க்கும் மேசை. இவ்விதியை முன்மொழிந்தவர் மேல் தளத்து இத்தாலிய உணவை மிகவும் புகழ்ந்த கணக்காளரே. வழிமொழிந்தவர் இலண்டன் நண்பர்; நீச்சற் குளத்துக்குக் கீழுள்ள அறையை மட்டும் எவர்க்கும் எடுக்கலாகாதென்ற திருத்தத்துடன்.